அறநிறுவனச் செயலவைக்கு வருமாறு அழைக்கிறார்கள்: ஏன் சேர வேண்டும், எப்போது மறுக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பதிவுபெற்ற அறநிறுவனங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் கணிசமானவை நம்மவர்கள் நடத்தும் துணைப்பாட நிலையங்கள், மூத்தோர் இல்லங்கள், கோயில்கள், ஊர்ப்பெயர் தாங்கிய நலச் சங்கங்கள், மொழி, கலை அமைப்புகள். ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்கும்போது இவை செயலவைக்கு, அதாவது அமைப்பை நிர்வகிக்கும் குழுவுக்கு, ஆள் தேடுகின்றன. அப்போது “நேரம் இருக்கிறதா?” என்று கேட்பவர்கள் பலர். “எதற்காக வருகிறீர்கள்?” என்று கேட்பவர்கள் மிகச் சிலர். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்பது பல ஆண்டுகளாகச் செயலவைகளில் அமர்ந்தும், புதியவர்களை அவற்றுக்குப் பரிந்துரைத்தும் வந்த என் உறுதியான கருத்து. அழைப்பு வந்து யோசித்துக்கொண்டிருப்பவர்கள் என்னிடம் கேட்டவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

செயலவை உறுப்பினருக்கும் தொண்டூழியருக்கும் என்ன வேறுபாடு?

தொண்டூழியர் உணவுப் பொட்டலத்தை முதியவரின் கதவருகே கொண்டுபோய்க் கொடுக்கிறார். அந்தப் பொட்டலத்துக்கு அடுத்த ஆண்டும் பணம் இருக்குமா, அதைச் சமைப்பவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், கொண்டு செல்லும் வேனுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்பதற்கெல்லாம் செயலவை உறுப்பினர் பதில் சொல்ல வேண்டும். அறநிறுவனச் சட்டத்தின் பார்வையில் அவர் அந்த நிறுவனத்தின் அறங்காவலர். நிறுவனம் சங்கமாகப் பதிவாகியிருந்தாலும், உத்தரவாத வரம்புடைய நிறுமமாக இருந்தாலும், அறக்கட்டளையாக இருந்தாலும் இந்தப் பொறுப்பு மாறுவதில்லை. முதியவரின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி தொண்டூழியருக்கு உடனே கிடைத்துவிடுகிறது. செயலவையில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் அறிக்கையில் ஓர் எண்ணாகத்தான் வந்து சேரும். ஆகவே நேரில் கிடைக்கும் அந்த நிறைவை நாடி வருபவர்கள் செயலவையில் விரைவில் சோர்ந்துபோகிறார்கள்.

பொதுவாக எந்தக் காரணங்களுக்காக ஒருவர் செயலவைக்கு வருகிறார்?

தொண்டூழியர்களின் நோக்கங்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் கில் கிளேரியும் மார்க் ஸ்னைடரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் 1998இல் ஆறு வகைகளை முன்வைத்தார்கள்: தாம் மதிக்கும் கொள்கைக்காக வருவது, புதிதாகக் கற்க வருவது, சுற்றத்தாரும் நண்பர்களும் எதிர்பார்ப்பதால் வருவது, தொழிலுக்கு உதவும் என்று வருவது, மனத்தை அரிக்கும் குற்றவுணர்விலிருந்தோ கவலையிலிருந்தோ விடுபட வருவது, தம்மைப் பற்றித் தமக்கே ஒரு நல்லெண்ணம் வளர்வதற்காக வருவது. ஒருவரிடம் ஒரே நேரத்தில் இவற்றுள் பல இருக்கலாம் என்பதையும் அவர்கள் வலியுறுத்தினார்கள்.

நம் சமூகத்தில் நான் கேட்கும் காரணங்கள் இந்த ஆறுக்குள் ஏறத்தாழ அடங்கிவிடும். எனினும் அவற்றின் நிறம் சற்று வேறு. “என் தாயாரை அந்த இல்லத்தில்தான் பார்த்துக்கொண்டார்கள்” என்பார் ஒருவர். “அப்பா இருந்த சங்கம், நான் விட்டுவிட முடியாது” என்பார் இன்னொருவர். “பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டில் எனக்கு வேலை இல்லை”, “அண்ணன் கேட்டார், மறுக்க முடியவில்லை” என்பவர்களும் உண்டு. “நமக்கும் ஒரு மதிப்பு இருக்கட்டுமே” என்பதை வெளிப்படையாகச் சொல்பவர் அரிது; மனத்தில் வைத்திருப்பவர் அரிதல்லர்.

இவற்றைத் தூயவை, தூய்மையற்றவை என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு காரணத்தையும் ஒரே கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம்: இந்தக் காரணத்துக்காக வந்த நான், தலைவருக்குப் பிடிக்காத ஒரு கேள்வியைக் கூட்டத்தில் கேட்கும் நிலையில் இருப்பேனா? கேட்க முடியும் என்றால் அந்தக் காரணம் போதுமானது. உங்கள் வாயை அது அடைத்துவிடும் என்றால், எவ்வளவு உயர்ந்த காரணமாக இருந்தாலும் அது நிறுவனத்துக்கு உதவாது.

உதவி பெற்றவன் நான். அந்தக் கடனைத் தீர்க்க வருகிறேன். இதைவிட நல்ல காரணம் உண்டா?

இதைவிட வலுவான காரணத்தை நான் கண்டதில்லை. அதோடு, இதைப்போல் கவனமாகக் கையாள வேண்டிய காரணத்தையும் கண்டதில்லை.

முதலில் அதன் வலிமையைச் சொல்கிறேன். உபகாரச் சம்பளம் வழங்கும் ஒரு சிறிய அமைப்பின் செயலவைக் கூட்டத்தில், விண்ணப்பப் படிவம் பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியவேண்டியதாக இருந்தது. கணக்காளரும் வழக்கறிஞரும் படிவத்தைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். முன்பு அதே அமைப்பிடம் உதவி பெற்றுப் படித்து, இப்போது தாதியாக இருக்கும் ஓர் உறுப்பினர் மட்டும் கையை உயர்த்தினார். தாய், தந்தை இருவரின் சம்பளச் சீட்டையும் இணைக்கச் சொல்கிறீர்களே, தந்தை வீட்டைவிட்டுப் போய்விட்ட பிள்ளை அந்தச் சீட்டுக்கு எங்கே போகும் என்று கேட்டார். படிவத்தை வரவேற்பு மேசையில், மற்றவர்கள் வரிசையில் நிற்கும்போது கொடுக்க வேண்டியிருந்ததையும் சொன்னார். குமாஸ்தா ஒவ்வொரு தாளாகப் புரட்டி, “அப்பா சம்பளம் எங்கே?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டது அவருக்கு இன்னும் நினைவிருந்தது. அந்தக் கூட்டத்திலேயே விதி மாறியது: தாயின் எழுத்துமூல உறுதிமொழி போதும், படிவத்தைக் கதவுள்ள அறையில் வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த மேசையில் இருந்த வேறு எவருக்கும் இந்தக் குறை தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. உதவி பெற்றவர்களைச் செயலவையில் சேர்க்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருவது இதனால்தான்.

இதற்கு ஓர் ஆபத்தும் உண்டு. நன்றி, நிறுவனத்தின் நோக்கத்துக்குக் காட்டப்படும்வரை நல்லது. அது நிறுவனரிடமோ தலைவரிடமோ போய் ஒட்டிக்கொண்டால், அவரைக் கேள்வி கேட்பதே உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதாகத் தோன்றத் தொடங்கிவிடும். தமக்கு உதவிய பெரியவரின் முன் எழுந்து நின்று, “ஐயா, இந்தச் செலவுக்கு இரண்டு விலைப்புள்ளிகள் வாங்கினோமா?” என்று கேட்க நம்மில் பலருக்கு நாக்கு எழாது. அப்படிப்பட்டவர் தமக்கு உதவிய நிறுவனத்தை விட்டு, அதே பணியைச் செய்யும் வேறொரு நிறுவனத்தில் சேர்வது நல்லது என்று நினைக்கிறேன். கடன் அங்கேயும் தீரும்.

பெயரும் விருதும் வேண்டும் என்று நினைத்து வருவது தவறா?

தவறு என்று சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் தேசிய தின விருதுகளில் பொதுச் சேவைப் பதக்கம் பெறுவோரில் பலர், அடித்தள அமைப்புகளிலும் அறநிறுவனங்களிலும் நீண்ட காலம் உழைத்தவர்கள். பதக்கம் வாங்கும் நாளில் அவர்களின் பிள்ளைகள் அடையும் பெருமையில் குறைகாண எதுவும் இல்லை.

கவலைக்குரியது வேறு. பெயரை நாடி வருபவரின் உழைப்பு, கண்ணுக்குத் தெரியும் வேலைகளை நோக்கியே போகிறது. நிதிதிரட்டு விருந்து, புதிய கட்டடத் திறப்பு, ஆண்டுமலர், சிறப்பு விருந்தினருடன் படம் ஆகியவற்றுக்கு ஆள் குறைவதில்லை. உள்தணிக்கைக் குழு, ஊழியர் குறைதீர்ப்பு, இருப்புநிதிக் கொள்கை, நன்கொடையாளரின் தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாத்தல் ஆகியவற்றுக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆகவே இந்தக் காரணம் உங்களிடம் இருந்தால் ஒரு சோதனை செய்துபாருங்கள்: தணிக்கைக் குழுவில் இரண்டு ஆண்டு இருக்கச் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? ஒப்புக்கொள்வீர்கள் என்றால் பெயர் வேண்டும் என்ற ஆசை உங்களைக் கெடுத்துவிடாது.

நண்பர் அழைத்தார், மறுக்க முடியவில்லை. பரவாயில்லையா?

நம்மிடையே மிக அதிகமாகக் காணப்படும் காரணம் இதுதான். பொதுக்கூட்டத்துக்கு முந்தைய வாரம் தொலைபேசி ஒலிக்கும். “தம்பி, ஓர் ஆள் குறையுது. நீங்க சும்மா பேர் மட்டும் கொடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்” என்பார் அழைப்பவர். அவர் நல்லவராகவே இருப்பார். உங்கள் திருமணத்துக்கு வந்து மொய் எழுதியவராகவும் இருக்கலாம்.

அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதிதான் நீங்கள் மறுப்பதற்கான காரணம். பெயர் மட்டும் கொடுக்கும் உறுப்பினர் என்று சட்டத்தில் ஒருவர் இல்லை. மாதந்தோறும் வந்து கணக்கைப் படித்தவருக்கு என்ன கடமையோ, ஒரு கூட்டத்துக்கும் வராதவருக்கும் அதே கடமைதான். பிரச்சினை வெடித்த பிறகு “எனக்குத் தெரியாது, நண்பருக்காகச் சேர்ந்தேன்” என்பது விளக்கமாகுமே தவிர விடுதலையாகாது.

ஆனால் நட்பு அழைத்துவந்த ஒருவர் நல்ல உறுப்பினராக மாறுவதையும் பார்த்திருக்கிறேன். முதல் சில மாதங்களில், அழைத்தவரைச் சாராத ஒரு காரணத்தை அவர் தாமே கண்டுபிடித்திருந்தார். துணைப்பாட வகுப்பு நடக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஒரு சனிக்கிழமை போய், பெருக்கல் வாய்பாட்டோடு போராடும் பிள்ளையின் அருகில் அரை மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அந்தக் காரணம் கிடைத்துவிடும். அழைத்த நண்பர் விலகிய பிறகும் நீங்கள் அங்கே இருப்பீர்களா என்பதை ஆறு மாதம் கழித்து உங்களையே கேட்டுப் பாருங்கள்.

அழைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆள் எண்ணிக்கையை நிரப்ப உறவினரையும் நண்பரையும் தேடாதீர்கள். ஒரே குடும்பத்தாரும் ஒரே வட்டத்தாரும் நிறைந்த செயலவையில் முரண்படுவது உறவை முறிப்பதாக ஆகிவிடும். எவரும் முரண்படாத இடத்தில் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

என் கோயிலுக்காக, என் மொழிக்காக, என் ஊருக்காக வருகிறேன். இன்றைய சிங்கப்பூரில் இதற்கு இடம் உண்டா?

இங்கே தமிழர்கள் கட்டியெழுப்பிய பெரும்பாலானவை இந்தக் காரணத்தால் எழுந்தவையே. 1819இல் ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை 1827இல் தோற்றுவித்த ஸ்ரீ மாரியம்மன் கோயில், புதிதாக வந்திறங்கிய தொழிலாளர்களுக்கு நெடுங்காலம் தங்குமிடமாகவும் துணையாகவும் இருந்தது. கடையநல்லூரிலிருந்து வந்தவர்கள் 1941இல் அமைத்த முஸ்லிம் லீக், போர் முடிந்த கையோடு 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. தமிழர் சீர்திருத்தச் சங்கமும் தமிழவேள் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசும் 1930களில் தோன்றியவை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி அவர் முன்னின்று நிதி திரட்டியபோது, கூலி வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். இந்திய மாணவர்களின் கல்விநிலை பற்றிய கவலையிலிருந்து 1991இல் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் பிறந்தது. இன்றும் சிங்கப்பூரில் வேலை செய்யும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து, அவர்கள் விலகிக்கொண்டாலன்றி, மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை மசே நிதி (மத்திய சேமநிதி) வழியாக அதற்குச் செல்கிறது. அந்த ஒரு வெள்ளி, மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர் கொடுப்பது. ஒரு சமூக அமைப்பின் செலவுத்திட்டத்தில் கையொப்பமிடுபவர் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே இடம் நிச்சயம் உண்டு. இந்தக் காரணத்தோடு வருபவருக்கு ஒரே ஒரு கேள்வி: உங்கள் பற்று, இன்று அந்த வாசலுக்கு வருபவர்கள்மீதா, நேற்று அது இருந்த விதத்தின்மீதா? ஓர் ஊர்ச் சங்கத்தின் தொடக்க உறுப்பினர்கள் துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களாக இருந்திருக்கலாம். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊர் விடுமுறைக்குப் போகும் இடம். இப்போது உதவி கேட்டு வருபவர் அண்மையில் வேலைக்கு வந்த இளைஞராகவோ, மனநலச் சிக்கலில் தவிக்கும் மாணவியாகவோ, தனித்து வாழும் பாட்டியாகவோ இருப்பார். “எப்போதும் இப்படித்தான் செய்தோம்” என்பதைக் காக்க வரும் உறுப்பினர், தாத்தா எதற்காகச் சங்கம் வைத்தாரோ அதையே தடுத்துவிடக்கூடும்.

கோயில்களைப் பற்றி ஒரு குறிப்பு. ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள், ஸ்ரீ சிவன், ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆகிய நான்கு கோயில்களும் 1968இல் சட்டப்படி அமைந்த இந்து அறக்கட்டளை வாரியத்தின் நிர்வாகத்தில் உள்ளவை. வாரிய உறுப்பினர்களை அரசாங்கம் நியமிக்கிறது. மற்றக் கோயில்கள் பெரும்பாலும் தத்தம் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவால் நடத்தப்படுகின்றன.

தொழிலில் முன்னேற உதவும் என்று நினைக்கிறேன். இளையவர் இப்படி நினைத்து வரலாமா?

தாராளமாக வரலாம். முப்பது வயதுக் கணக்காளருக்கு அலுவலகத்தில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: தம்மைவிட இரண்டு மடங்கு வயதுள்ளவர்களோடு சமமாக அமர்ந்து, ஒரு நிறுவனம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்து முடிவெடுக்கும் பயிற்சி. தேசிய தொண்டூழிய, நன்கொடை மையமும் தேசிய சமூக சேவை மன்றமும் தொழில்திறனுள்ளவர்கள் இத்துறைக்கு வருவதை வெளிப்படையாகவே ஊக்குவிக்கின்றன.

இரண்டு எல்லைகளை மட்டும் மதிக்க வேண்டும். உங்கள் நிறுவனமோ உறவினரின் நிறுவனமோ அந்த அமைப்புக்குக் காப்புறுதியோ மென்பொருளோ சாப்பாடோ விற்க வந்தால், உடனே அதை எழுத்தில் அறிவித்து, அந்தப் பேச்சு நடக்கும்போது அறையைவிட்டு வெளியேற வேண்டும். அடுத்து, பதவி உயர்வு வந்ததும் பாதியில் விட்டுப் போகக்கூடாது. ஓராண்டில் போய்விடுபவருக்குக் கற்றுக்கொடுத்த உழைப்பு, சிறிய அமைப்புக்குப் பெரும் இழப்பு.

பணி ஓய்வு பெற்றுவிட்டேன். நேரம் நிறைய இருக்கிறது.

மிக மகிழ்ச்சி. பகலில் வங்கிக்கும் அமைச்சுக்கும் போய்வரக்கூடியவர் இருப்பது சிறிய அமைப்புகளுக்குப் பெரிய வரம். ஆனால் அலுவலகத்தில் உங்களுக்கென ஒரு மேசை போட்டுக்கொள்ளாதீர்கள். தினமும் வந்து உட்காரும் செயலவை உறுப்பினர், சம்பளம் வாங்கும் மேலாளரின் வேலையைத் தெரியாமலேயே பறித்துக்கொள்கிறார். ஊழியர்களுக்கு யாரிடம் கேட்பது என்ற குழப்பம் வருகிறது. பிறகு அந்த மேலாளரின் செயல்திறனைச் செயலவை மதிப்பிடவும் முடியாது.

நோக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். சட்டதிட்டங்கள் சரியாக இருந்தால் போதாதா?

2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தில் நடந்ததை அந்தத் தலைமுறையினர் மறக்க மாட்டார்கள். தலைமை நிர்வாகியின் அலுவலகக் கழிவறையில் பொருத்திய தங்கமுலாம் பூசிய குழாய் பற்றிய நாளிதழ்ச் செய்திக்கு எதிராக அந்நிறுவனமே தொடுத்த அவதூறு வழக்கில், அவரது சம்பளம் முதல் 262 மில்லியன் வெள்ளி இருப்புநிதி வரை எல்லாம் வெளியே வந்தன. வழக்கு கைவிடப்பட்டது, அந்த ஜூலை மாதத்திலேயே வாரியம் முழுவதும் பதவி விலகியது. வாரியத்தில் அதுவரை இருந்தவர்கள் படிக்காதவர்களோ அனுபவம் இல்லாதவர்களோ அல்லர். ஒருவரின் கையில் அதிகாரம் குவிந்துகொண்டு போனபோது அதைத் தடுத்து நிறுத்தும் கேள்வி உரிய நேரத்தில் எழவில்லை என்பதைத்தான் பின்னர் நடந்த தணிக்கை விசாரணை காட்டியது. மாதம் சில வெள்ளி கொடுத்துவந்த சாதாரணக் குடும்பங்கள் அன்று அடைந்த வேதனையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதன் பிறகு விதிகள் இறுகின. 2007இல் அறநிறுவனங்களுக்கான நல்லாளுகை நெறிமுறை வந்தது. 2011, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. பெரும்பாலான அறநிறுவனங்கள் நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் அறநிறுவன ஆணையரிடம் அளிக்க வேண்டும். கடன்தீராத நொடித்தவரும், நேர்மையின்மை சார்ந்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரும் அறங்காவலராக இருக்க முடியாது. ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் தகுதியுள்ள நன்கொடைக்கு, கொடுத்த தொகையைப்போல் இரண்டரை மடங்கு வரிக்கழிவு கிடைப்பதால், அங்கே கண்காணிப்பு இன்னும் கூடுதல்.

இவை எல்லாம் அவசியம். ஆனால் விதி, கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை தருகிறது. கேட்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. சில்லறைச் செலவுக் கோப்பில் மூன்று வெவ்வேறு கடைகளின் ரசீதுகள் ஒரே கையெழுத்தில் இருப்பதை ஒரு பொருளாளர் கவனித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தொகை நாற்பது வெள்ளிதான். அதைச் சமர்ப்பித்தவரோ பத்தாண்டாக உழைக்கும், எல்லாராலும் விரும்பப்படும் ஊழியர். சமூக மதிப்புக்காக வந்த பொருளாளர் கோப்பை மூடிவிடுவார். நட்புக்காக வந்தவர் தலைவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு மறந்துவிடுவார். அந்தப் பணம் யாருடையது என்பதை நினைத்து வந்தவர், ஊழியரை அவமானப்படுத்தாமல் அழைத்து விசாரித்து, நடந்ததைக் குறிப்பேட்டில் பதிவும் செய்வார். மூவருக்கும் முன்னே இருந்த விதிப்புத்தகம் ஒன்றுதான்.

செயலவையில் இருப்பதற்குப் பணம் கிடைக்குமா?

உறுப்பினராக இருப்பதற்காக ஊதியம் பெறக்கூடாது என்பதே நெறிமுறையின் நிலைப்பாடு. அமைப்பின் பணிக்காகக் கையிலிருந்து செலவழித்ததை, ரசீதுடன், அமைப்பின் கொள்கைப்படி திரும்பப் பெறலாம்.

ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில்தான் நன்றாகப் பேசுவேன். நான் பயன்படுவேனா?

கணக்கறிக்கையும் ஆணையருக்கு அளிக்கும் ஆவணங்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். புரியாத தாளில் கையொப்பமிடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அதற்காக நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. முக்கிய எண்களைத் தமிழில் விளக்கிச் சொல்லும்படி பொருளாளரிடம் கேட்பது உங்கள் உரிமை. விளக்கத் தெரியாத பொருளாளருக்குக் கணக்கு முழுதாகப் புரியவில்லை என்றும் அதிலிருந்து தெரியவரலாம். மூத்தோருக்குச் சேவை செய்யும் அமைப்பில், அவர்களோடு நாளெல்லாம் பேசக்கூடிய ஒருவர் செயலவையில் இருப்பது எந்தப் பட்டத்துக்கும் குறைந்த தகுதி அன்று.

நான் சிங்கப்பூர்க் குடிமகன் அல்லேன். சேரலாமா?

அறநிறுவனமாகப் பதிவு பெறக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் தேவை. அவர்களுள் இருவராவது குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். எஞ்சிய இடங்களைப் பற்றி அந்தந்த அமைப்பின் சட்டவிதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். வேலை அனுமதியில் இருப்பவர் ஒப்புக்கொள்வதற்கு முன் மனிதவள அமைச்சின் விதிகளையும் தம் முதலாளியின் நிலைப்பாட்டையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு காலம் இருக்கலாம்?

நெறிமுறையின்படி ஒருவர் தொடர்ந்து பத்தாண்டுக்கு மேல் இருக்கலாகாது; அதற்கு மேலும் இருப்பதாயின் அதற்கான காரணத்தை ஆண்டறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பொருளாளர் பதவிக்குத் தொடர்ந்து நான்கு ஆண்டுதான்.

இந்த எல்லையை நம் மூத்தவர்களில் சிலர் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். “நான் போனால் யார் பார்ப்பார்கள்?” என்று அவர்கள் கேட்கும்போது அதில் உண்மையான கவலை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் வந்த நாளில் இருந்த காரணம் பத்தாவது ஆண்டில் மாறிப்போயிருக்கும். பிள்ளைகளுக்காக வந்தவருக்கு, இப்போது செவ்வாய்க்கிழமை மாலையும் அந்த நாற்காலியும் “தலைவர்” என்று அழைக்கப்படுவதும் வாழ்க்கையின் பாதியாகியிருக்கும். வீட்டில் பேச்சுத்துணை குறைந்துபோன ஒருவரிடமிருந்து அதைப் பிடுங்குவது சிறிய செயல் அல்ல. ஆகவே விலகுபவருக்கு அமைப்பு வேறொரு பணியைத் தர வேண்டும்: புதியவர்களுக்கு ஆலோசகராக, நன்கொடையாளர்களைச் சந்திப்பவராக, அமைப்பின் வரலாற்றை எழுதுபவராக. நான்காம், ஐந்தாம் ஆண்டிலேயே அடுத்தவரைத் தயார்செய்யத் தொடங்கிய தலைவர்கள் விலகும்போது அவர்களும் வருந்துவதில்லை, அமைப்பும் தடுமாறுவதில்லை.

ஒப்புக்கொள்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

அமைப்பின் சட்டவிதி, கடந்த மூன்று ஆண்டுக் கணக்கு, கடைசிச் சில கூட்டங்களின் குறிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். ஆண்டறிக்கைகள் பல அறநிறுவன இணையவாசலிலேயே பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. கூட்டக் குறிப்புகளைத் தர மறுத்தால் அதுவே ஒரு பதில். குறிப்புகள் கிடைத்தால், அவற்றில் எவராவது கேள்வி கேட்டதும் அதற்குப் பதில் வந்ததும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். “ஏகமனதாக ஏற்கப்பட்டது” என்பது மட்டுமே பக்கத்துக்குப் பக்கம் இருந்தால், அங்கே உங்களுக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். முடிந்தால் அமைப்பின் சேவை நடக்கும் ஒரு நாளில் அறிவிக்காமல் போய்ப் பாருங்கள். பிறகு, சேர்வதற்கான காரணத்தை இரண்டு வரியில் எழுதித் தலைவரிடம் கொடுங்கள். விருப்பம், தயக்கம், எதிர்பார்ப்பு எதையும் மறைக்காமல் எழுதுங்கள். நல்ல தலைவர் அதைப் படித்துவிட்டு, உங்களுக்கு எந்தக் குழு பொருந்தும் என்று சொல்வார்.

யோசித்துப் பார்த்தேன்; செயலவை எனக்கு வேண்டாம். வேறு எப்படி உதவலாம்?

சிறு பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லித்தரும் சிண்டாவின் ‘புராஜெக்ட் ரீட்’ போன்ற திட்டங்களுக்கு எப்போதும் தொண்டூழியர்கள் தேவைப்படுகிறார்கள். கணக்கு தெரிந்தவர், செயலவையில் சேராமலே நிதிக் குழுவில் ஓராண்டு உதவ முன்வரலாம். பல அமைப்புகளின் சட்டவிதி அதற்கு இடமளிக்கிறது. அழைத்தவரிடம் மறுப்பை நேரில், பொதுக்கூட்ட அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்; அவர் வேறொருவரைத் தேட அவகாசம் வேண்டும்.